மூணு மணி ரிசல்ட்

உப்பளத்து வேலை இருட்டோடு தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். வெள்ளைப் பாத்தியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைப் பிடுங்கும் என்பதால் உச்சி வெயிலில் யாரும் அங்கே நிற்க மாட்டார்கள். அதனால் மதியத்துக்கு மேல் எங்க ஊர் டீக்கடை பெஞ்சில் இடம் கிடைக்காது. பேச்சு, சிரிப்பு, கட்சிச் சண்டை எல்லாம் ஓடும். மூணு மணி ஆனதும் ஒரு அமைதி வரும் பாருங்கள், சாவு வீட்டில்கூட அப்படி இருக்காது. யாராவது ஒருத்தர் போனைப் பார்த்து மூணு இலக்கம் சொல்வார். "ஒரே ஒரு நம்பர்ல போச்சுடா" என்று ஒரு குரல் வரும். அப்புறம் மறுபடியும் கட்சிச் சண்டை.

கேரள அரசு லாட்டரிக்குத் தினமும் மூணு மணிக்குக் குலுக்கல். அங்கே முதல் பரிசு விழுந்த சீட்டின் கடைசி மூணு இலக்கத்தின் மேல் இங்கே பணம் கட்டுகிறார்கள். கேரளச் சீட்டு ஒருத்தர் கையிலும் இருக்காது. துண்டுச் சீட்டில் மூணு எண், அவ்வளவுதான். இப்போது துண்டுச் சீட்டும் போய் வாட்ஸ்அப் வந்துவிட்டது.

இதைப் பற்றி எழுதணும் என்று ரொம்ப நாளாக இருந்தது. எழுதாததற்குக் காரணம், இந்த வியாபாரத்தில் நானும் ஒருகாலத்தில் கூட இருந்தவன்.

சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் இளவட்டங்களுக்குப் பழைய லாட்டரிக் கடைகள் ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை. தொண்ணூறுகளில் அப்பாவோடு சைக்கிளில் மரக்காணம் கடைத்தெருவுக்குப் போனால் எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. அப்பா உரம், புண்ணாக்கு வாங்கி முடிப்பதற்குள் லாட்டரிக் கடைகளை எண்ணிவிடணும். ஒரு தடவை ஏழு வந்தது. மருந்துக் கடை ரெண்டுதான். சீட்டுகளை நூலில் கிளிப் போட்டுத் தோரணம் மாதிரி தொங்க விட்டிருப்பார்கள். பூட்டான், சிக்கிம், நாகாலாந்து, மிசோரம், அருணாச்சலம். எனக்கு இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்கள் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஆகவில்லை, லாட்டரிக் கடையில்தான் ஆனது. ஒரு கடையில் ஸ்பீக்கரில் ஒருத்தர் "நாளைய லட்சாதிபதி நீங்களாகக்கூட இருக்கலாம்" என்று ராகம் போட்டுக்கொண்டே இருப்பார்.

இதைத் தொடங்கி வைத்தது கெட்டவர்கள் யாரும் இல்லை. 1967-ல் கேரள அரசு ஆரம்பித்தது. மறு வருஷம் 1968-ல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாட்டிலும் வந்தது. பரிசு விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று சொல்லித்தான் விற்றார்கள். எங்க தாத்தா நாட்டுக்குக் கொடுத்த மாதிரியே நினைத்து மாசம் ஒரு சீட்டு வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். மாசம் ஒரு குலுக்கல் இருந்தவரை அது ஒரு பொழுதுபோக்கு. தினம் குலுக்கல், அப்புறம் ஒரே நாளில் பல குலுக்கல், அப்புறம் ஒற்றை நம்பர் என்று வந்தபோதுதான் சூதாட்டமாக மாறியது. ஒற்றை நம்பரை மத்திய அரசின் 1998 லாட்டரிச் சட்டமே தடுத்திருக்கிறது. கடைசி இலக்கம் ஒன்றை மட்டும் வைத்துப் பரிசு தரக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் முன்னாடி தோரணம், பின்னாடி நோட்டு என்று ரெண்டு வியாபாரமும் சேர்ந்தே நடந்தது.

உப்பளத்துக்காரர்களுக்கு அதிர்ஷ்டத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை ஏன் என்று நகரத்து நண்பர் ஒருத்தர் கேட்டார். அவரை ஒரு மே மாசம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். உவர்த் தண்ணியைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பு பூத்து, வாருபலகையால் வாரி வரப்பில் குவிக்கிற வரைக்கும் எல்லாம் வானத்தின் கையில். கோடையில் ஒரே ஒரு மணி நேரம் மழை அடித்தால் வாரப் போகிற உப்பு அத்தனையும் கரைந்து, பாத்தி மறுபடியும் குட்டையாகிவிடும். மறுநாள் கூலி கிடையாது. குத்தகைக்காரருக்கு முதல் போச்சு. ஐப்பசியில் பருவமழை தொடங்கினால் தை வரை வேலையே இல்லை. அந்த மாசங்களுக்காகத்தான் 2022-லிருந்து உப்பளத் தொழிலாளிகளுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. தினமும் வானத்தோடு சூதாடுகிறவனிடம் போய் முப்பது ரூபாய்ச் சூதாட்டம் தப்பு என்று சொன்னால் அவன் சிரிக்கத்தான் செய்வான். விவசாயி நானும் அதே ஜாதிதான். தர்பூசணி போட்டுவிட்டு லாரிக்காரர் வருவாரா, என்ன விலை சொல்வார் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு இருந்தவனுக்கு இது புரியும்.

இருந்தாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வானம் சில வருஷம் கொடுக்கும். மூணு நம்பர் கணக்கு அப்படி இல்லை. எங்க பக்கம் ஒரு காலத்தில் ஒரு எண்ணுக்கு 30 ரூபாய், மூணு இலக்கமும் விழுந்தால் 10,000. மொத்தம் இருப்பதே ஆயிரம் எண்கள்தான். ஆயிரத்தையும் நீங்களே வாங்கினால் 30,000 கட்டணும், கிடைப்பது 10,000-மும் கொஞ்சம் சில்லறைப் பரிசும். இந்தக் கணக்கை ஒரு தடவை டீக்கடையில் போட்டுக் காட்டினேன். "ஆயிரத்தையும் எவன்டா வாங்கறான், எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் ஒருத்தர். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்க அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், 1999 வாக்கில் ஊர் பஸ் ஸ்டாப்பில் லாட்டரிக் கடை போட்டார். ஊருக்கு அது மூணாவது கடை. மொத்தம் நானூறு வீடு இருக்கும் ஊர். டிகிரி முடித்துவிட்டு வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த என்னை மாமா மதியத்தில் கடையில் உட்கார வைத்தார். கணக்கு நோட்டு என் கையில். யார் யார் கடனுக்கு நம்பர் கட்டினார்கள், சனிக்கிழமை கூலி வந்ததும் எவ்வளவு வரணும் என்று எழுதுவது என் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மாமாவுக்குப் பெருமை.

உப்பளத்தில் வேலை செய்த ஒரு அண்ணன், எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர், அந்த நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அவர்தான். 2002 ஆடி மாசம் ஒரு சாயந்திரம் அவர் மனைவி கடைக்கு வந்தாங்க. பேசவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சின்னக் குழந்தை போடுகிற ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசை எடுத்துப் பலகையின் மேல் வைத்தாங்க. "இதுல கழிச்சுக்கோ தம்பி, அவர வூட்டுக்கு வரச் சொல்லு" என்றாங்க. கடனுக்குப் பயந்து ரெண்டு நாளாக அவர் வீட்டுக்குப் போகவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் என்ன செய்தேன்? கொலுசைத் தராசுக்கு அனுப்பச் சொல்லி மாமாவிடம் கொடுத்துவிட்டு, நோட்டில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். கோடு நேராக வரணும் என்று ஸ்கேல் வைத்து அடித்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த அம்மா எங்க அம்மாவின் மகளிர் குழுவில் இருந்தவங்க. அந்த வாரக் கூட்டத்தில் சந்தாப் பணம் கட்ட முடியவில்லை. ஏன் என்று கேட்டபோது விஷயம் வெளியே வந்துவிட்டது. அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. மறுநாள் ஒரு சாக்கு மல்லாட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய், தன் தம்பி கடைக்கு நேர் எதிரே புங்க மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து தோல் உரிக்க ஆரம்பித்துவிட்டாங்க. (மல்லாட்டை என்றால் நிலக்கடலை. எங்க தென்னாற்காட்டு வார்த்தை, தெரியாதவர்களுக்காக.) விதைக்கு உரிக்கிற வேலை எப்படியும் செய்யணும், எங்கே உட்கார்ந்து செய்தால் என்ன என்றாங்க.

"இன்னாக்கா இது, வீதியில?" என்று மாமா ஓடி வந்தார்.

"வூட்ல இருட்டா இருக்குதுடா. இங்க நல்லா வெளிச்சம்."

முதல் நாள் ஒன்பது பேர். நாலாவது நாள் முப்பது பேர் இருப்பாங்க, மூணு கடைக்கும் பிரிந்து உட்கார்ந்துகொண்டாங்க. கோஷம் கிடையாது, தட்டி கிடையாது. முறத்தில் பருப்பு விழுகிற சத்தம்தான். நம்பர் கட்ட வருகிறவன் தன் பெண்டாட்டி, அத்தை, சின்னம்மா முகத்துக்கு எதிரே வந்து நின்று பணத்தை நீட்டணும். யாரால் முடியும்? சைக்கிளை நிறுத்தாமல் போய்விடுவான். கடைக்குள்ளே உட்கார்ந்திருந்த என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. மூணாம் நாள் நோட்டை மாமாவிடம் கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டேன். நான் விவசாயி ஆன கதை இதுதான்.

இதில் வெற்றி என்று பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. எங்க ஊரில் நின்ற வியாபாரம் அப்படியே மரக்காணத்துக்கு நகர்ந்தது. சைக்கிள் மிதித்துப் போய்க் கட்டினார்கள். குழுப் பெண்கள் ஒரு பஸ் பிடித்து மனு கொடுக்கப் போனாங்க. "லைசென்ஸ் இருக்குதும்மா, அரசாங்கமே நடத்துற தொழில், எந்தச் சட்டத்துல மூடச் சொல்றது?" என்று மனுவை வாங்கினவர் கேட்டிருக்கிறார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டிருக்கிறார். அவர் சொன்னதும் சரிதான்.

இதே பதிலை லண்டனில் ஒரு கவுன்சிலும் வாங்கியது என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. என் சித்தப்பா மகன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறான். தமிழ் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் இடம், இட்லி மாவிலிருந்து மல்லிகைப்பூ வரை கிடைக்கும். அங்கே ஹை ஸ்ட்ரீட் நார்த் என்று ஒரு கடைத்தெரு. "அண்ணே, நீ சின்ன வயசுல லாட்டரிக் கடை எண்ணுவன்னு சொல்லுவியே, இங்க வா, பந்தயக் கடை எண்ணலாம்" என்றான். அவன் எண்ணினதே ஒரு டஜனுக்கு மேல். குதிரை, ஃபுட்பால் மேல் பணம் கட்டுகிற கடைகள். உள்ளே மெஷின் வேறு. ஒரு சுற்றுக்கு 100 பவுண்டு வரை கட்டலாம், இருபது செகண்டில் முடிந்துவிடும், மறுபடி கட்டலாம்.

ஒரே தெருவில் ஏன் இத்தனை கடை என்று கேட்டேன். அவன் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே சட்டப்படி ஒரு கடைக்கு நாலு மெஷின்தான் வைக்கலாம். கட்டுப்பாடு என்று நினைத்துப் போட்ட விதி. கம்பெனிக்காரன் ஐந்தாவது மெஷின் வைக்க என்ன செய்தான்? பக்கத்தில் இன்னொரு கடை திறந்தான். போதுமான கடை இருக்கிறது, இனி வேண்டாம் என்று சொல்லி லைசென்ஸ் மறுக்கிற வழியை 2005 சூதாட்டச் சட்டம் எடுத்துவிட்டது. அந்தப் பகுதி கவுன்சிலான நியூஹாம் 2013-ல் பேடி பவர் கம்பெனியின் ஒரு புதுக் கடைக்கு லைசென்ஸ் மறுத்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போய் ஜெயித்துவிட்டது. நியூஹாம் விடவில்லை. மற்ற பல கவுன்சில்களையும் சேர்த்துக்கொண்டு 100 பவுண்டை 2 பவுண்டாகக் குறை என்று அரசாங்கத்திடம் கேட்டது. இழுத்து இழுத்துக் கடைசியில் 2019 ஏப்ரல் 1-ஆம் தேதி அது நடந்தது. அதன் பிறகு இங்கிலாந்து முழுக்க நிறையப் பந்தயக் கடைகள் மூடப்பட்டன. கடையை மூடச் சொல்லிக் கேட்டது நடக்கவில்லை, பந்தயத் தொகையைக் குறைத்ததும் கடை தானாக மூடிக்கொண்டது. புங்க மரத்தடியில் உட்கார்ந்தவங்களுக்கு இந்த யோசனை வந்திருக்க வழியில்லை.

எங்களுக்கு 2003 ஜனவரியில் தீர்வு வந்தது. ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் லாட்டரியையே தடை செய்தது. வெளி மாநிலச் சீட்டு மட்டும் இல்லை, சொந்த லாட்டரியும் சேர்த்து. அதற்கு ஒரு காரணம் உண்டு. தான் ஒரு லாட்டரி நடத்திக்கொண்டே அடுத்த மாநில லாட்டரியைத் தடுக்க முடியாது, தடுக்கணும் என்றால் தன் கடையையும் மூடணும் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லியிருந்தது. வருமானத்தை விட்டுக்கொடுத்துச் செய்த காரியம் என்பதால் அதற்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தோரணம் கட்டிப் பிழைத்த ஆயிரக்கணக்கான சில்லறை வியாபாரிகள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். அதில் கால் நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள் நிறைய. அவர்களுக்கு வேறு பிழைப்பு என்ன என்று யாரும் உட்கார்ந்து யோசித்த மாதிரி தெரியவில்லை. மாமாவுக்குக் கைமுதல் போச்சு. தன் அக்கா சென்னைக்கே ஆள் அனுப்பிக் கடையை மூடிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாதி கேலி, பாதி நிஜமான கோபம். அதிலிருந்து அவர் எங்க வீட்டுப் படி ஏறவில்லை. என் கல்யாணத்துக்கு வந்து மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுத் தாய்மாமன் சீரை வேறு ஆளிடம் கொடுத்து அனுப்பினார்.

கடையை மூடினால் கள்ளத்தனமாக நடக்கும் என்று அப்போதே சொன்னவர்கள் இருந்தார்கள். நடந்தது. கொஞ்ச வருஷத்தில் மூணு நம்பர் வந்துவிட்டது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பத்தில் ஐந்து பேர், அவர், மனைவி, மூணு பெண் குழந்தைகள், ஒரே ராத்திரியில் போய்விட்டார்கள். மூணு நம்பர் லாட்டரியை ஒழிக்கணும் என்று சாவதற்கு முன் அவர் வீடியோவில் பேசியிருந்தார். மாவட்டம் முழுக்க அந்த வீடியோ போனது. எங்க டீக்கடையிலும் பார்த்தார்கள். போலீஸ் பிடித்தது, நிறையப் பேர் உள்ளே போனார்கள். கொஞ்ச நாள் மூணு மணிக்கு அமைதி இல்லாமல் இருந்தது. அப்புறம் மெதுவாகத் திரும்ப வந்தது.

அந்தச் சமயம்தான் அம்மாவிடம் கேட்டேன், மறுபடி குழுவைக் கூட்டினால் என்ன என்று.

"கூட்டலாம். எங்கடா போயி உக்கார்றது?" என்றாங்க.

இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். சாராயக் கடைக்கு எதிராக இவங்க உட்கார்ந்திருக்காங்க. நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், தமிழ்நாட்டில் 2017-ல் மூவாயிரத்துக்கும் மேல் டாஸ்மாக் கடைகளை மூடினார்கள். ஈசிஆர் ரோட்டு மேலே இருந்த கடைகள் எல்லாம் ஊருக்குள்ளே இடம் தேட ஆரம்பித்தன. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் ரோட்டில்தான் இருந்தாங்க. எங்க பக்கமும் வாடகைக்குப் பார்த்த கட்டடத்துக்கு முன்னாடி போய் உட்கார்ந்தாங்க. கிராம சபையில் தீர்மானம் போட்டாங்க. கட்டடம் தெரியும், பூட்டுத் தெரியும், லாரி எப்போ வரும் என்று தெரியும். ஆனால் 2023 மே மாசம், எங்களுக்குப் பக்கத்தில் எக்கியார்குப்பத்தில் கள்ளச் சாராயத்தில் மெத்தனால் கலந்து 14 பேர் செத்தபோது, உட்கார்ந்து மறிப்பதற்கு அங்கே கடை எதுவும் இல்லை. பாக்கெட் வந்தது, கை மாறியது, அவ்வளவுதான்.

அதற்காகக் கடைகளைத் திறந்தே வைத்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஏழு கடை ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டபோது கட்டினவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், நோட்டு என் கையில் இருந்தது. இன்றைக்கு டீக்கடையில் கட்டுகிறவர்கள் அதில் கால்வாசிகூட இல்லை. பொம்பளைகளும் பள்ளிக்கூடப் பசங்களும் கட்டுவதில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் போன் வந்தபிறகு இந்தக் கணக்கும் கலைந்துவிட்டது. மாமா கடை போன பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்துத் தர்பூசணி போட்டார். நன்றாகவே செய்தார். அவர் மகன், என்னைவிடப் பத்து வயசு சின்னவன், ஒரு கொரோனா வருஷத்தில் போனில் ரம்மி ஆடக் கற்றுக்கொண்டான். ராத்திரி மோட்டார் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து ஆடுவான். தண்ணி பாய்கிறது என்று மாமா நினைத்துக்கொண்டிருந்தார். பணமும்தான் பாய்ந்துகொண்டிருந்தது.

சட்டம் அந்தப் பக்கமும் ஓடியது. 2021-ல் தமிழ்நாட்டின் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்து, 2022-ல் புதுச் சட்டம் கொண்டுவந்து, ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டசபை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதே வருஷம் நவம்பரில் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அவற்றைத் தடுக்க முடியாது என்றது உயர் நீதிமன்றம். 2025-ல் ராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று தமிழ்நாடு விதி போட்டது. அம்மாவிடம் சொன்னேன். "அப்போ பகல்ல ஆடலாமா? நம்ம பிராந்திக் கடைக்கு டைம் வெச்ச மாதிரி வெச்சுக்கிறாங்க" என்று சிரிச்சாங்க. அந்த ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுப் பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டத்தை முழுசாகத் தடுத்துவிட்டது. பெரிய கம்பெனிகள் எல்லாம் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. மாமா மகனுக்கு அது லேட். தர்பூசணி வியாபாரி கொடுத்த முன்பணம் 1,80,000 ரூபாய் அதற்கு முன்பே போய்விட்டது.

போன கார்த்திகையில் ஒரு நாள், மழை விட்டு வெயில் அடித்த ஒரு மதியம், மாமா எங்க வீட்டு வாசலில் வந்து நின்றார். இருபத்திரண்டு வருஷம் கழித்து. அம்மா திண்ணையில் உட்கார்ந்து விதை மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாங்க. இப்போ விரல் மடங்குவதில்லை, ஒவ்வொன்றாகக் கல்லில் தட்டித்தான் உரிக்கிறாங்க. மாமா படி ஏறி, கீழேயே உட்கார்ந்தார். மகன் விஷயத்தைச் சொன்னார். வியாபாரி வீட்டுக்கு வருவதைச் சொன்னார். பேசப் பேசக் குரல் உடைந்துவிட்டது.

"அந்த ஆப்புக்காரன் ஆபீஸ் எங்கக்கா இருக்குது? எங்கனா போயி உக்காரலாம்னு பார்த்தா, ஊரு பேருகூடத் தெரியல" என்றார்.

அம்மா பதில் சொல்லாமல் நாலு காய் தட்டினாங்க. பிறகு கேட்டாங்க.

"அந்தப் புள்ள கொலுசு இன்னாடா பண்ண?"

மாமா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். எந்தக் கொலுசு என்று அவர் கேட்கவில்லை. "அன்னிக்கே எடைக்குப் போட்டுட்டேன்க்கா. நானூறு சொச்சம் வந்துச்சு" என்றார்.

நான் உள்ளே போய் வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சவுக்கு வெட்டின பணம் கொஞ்சம் இருந்தது. எவ்வளவு கொடுக்க முடியும் என்று கணக்குப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, அம்மா முறத்தை மாமா பக்கம் தள்ளி வைத்திருந்தாங்க. மாமா உரித்துக்கொண்டிருந்தார்.